ரஷ் ஆஃப் ஆகத் தெரியாத என் சித்தி

உலகத்திலேயே ஒரு வாசலைத் தாண்ட அதிக நேரம் எடுத்துக்கொண்ட மனிதப் பிறவி என் சித்திதான். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. மலைகள்கூட நகர்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் ஒருநாள் சொல்லிக்கொடுத்தார்கள், அன்றைக்கு நான் விழித்திருந்தேன். அப்படி ஒரு மலையையும் சித்தியையும் ஒரே காலையில் கிளம்பச் சொன்னால், மலை தெருமுனைக் கடையில் டீ குடித்துவிட்டு, கிளாஸையும் கழுவி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும். சித்தி அப்போதும் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆமை, நத்தை, அரசாங்க ஆபீஸ் ஃபைல் எல்லாம் அவளிடம் வந்து கைகட்டி நின்று பாடம் கேட்க வேண்டும்.

அவள் வேலைக்குக் கிளம்புவது ஒரு பெரிய காரியம். செருப்பைப் போடுவாள். போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போய் கேஸ் திருகைத் தொட்டுப் பார்ப்பாள். அது மூடித்தான் இருக்கும். மறுபடி செருப்பு. மறுபடி உள்ளே போய் ஜன்னல் கொக்கி. வெளியே வந்து பூட்டிய பிறகு பூட்டைப் பிடித்து இழுப்பாள். இழுப்பாள் என்பது மரியாதைக்கு, தொங்குவாள் என்பதே சரி. படியில் இறங்கும்போது கீழ்வீட்டு டெய்லரிடம் ஒரு "போயிட்டு வரேன்." உள்ளே இருக்கும் அவர் மனைவிக்குத் தனியாக ஒன்று. தூங்குகிற அவர்கள் குழந்தைக்கு, எழுந்துவிடாதபடி ரகசியக் குரலில் ஒன்று. இத்தனையும் முடித்து அவள் தெருவில் கால் வைக்கும் நேரம் பார்த்து, மேலே ஜன்னலிலிருந்து நான் "சித்தி, கேஸ்" என்று குரல் கொடுப்பேன். திரும்பப் படியேறி வருவாள். வந்து, தொட்டுப் பார்த்து, என் மண்டையில் ஒன்று போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து. டெய்லருக்கு இரண்டாம் "போயிட்டு வரேன்" உண்டு. இந்த விளையாட்டில் நான் ஒருநாளும் தோற்றதில்லை.

யார் கூப்பிட்டாலும் அவள் வாயில் வருவது "இதோ." வராமல் அங்கேயே நின்றபடி "இதோ, இதோ" என்பாள். அதனால் சித்தப்பா அவளுக்கு வைத்த பேரே "இதோ." "இதோ எங்கே போனா?" என்றுதான் கேட்பார். புதிதாக வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது.

நான் அவளுக்கு நேர் எதிர். கிளம்புவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதே அப்படித்தான். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் கேள்வித்தாளைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது, ஒருவருக்கொருவர் ஆகாது என்று தெரிந்தது, எழுந்து வந்துவிட்டேன். அம்மா வேறொரு ஊரில் யாரோ வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். தன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நேரமில்லாததால், "சித்தி கூட இருந்தாலாவது உனக்குக் கொஞ்சம் நிதானம் வரும்டி" என்று என்னைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டாள். நிதானம் வரவில்லை. சித்தப்பா எனக்கு "வாலு" என்று பேர் வைத்தார். பேர் வைப்பது அவருக்குப் பிடித்த வேலை.

அவர் லாரி டிரைவர். சுண்ணாம்பு, சிமெண்ட், செங்கல் என்று தூசி பறக்கிற லோடாகத்தான் அவருக்கு வாய்க்கும். கிளம்புவதில் அவர் எனக்கும் மேலே. கீழே கிளீனர் ஹாரன் அடித்தால், பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். "இதோ, தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று சித்தி அடுப்படிக்குப் போய் சொம்போடு திரும்பும்போது லாரி தெருமுனையில் இருக்கும். சொல்லிக்கொண்டு போகும் பழக்கமே அவருக்குக் கிடையாது. சண்டை போட்ட நாளிலும் அப்படித்தான், சண்டை போடாத நாளிலும் அப்படித்தான். "உங்க சித்தப்பா மூஞ்சியை விட முதுகுதான் எனக்கு நல்லா அடையாளம் தெரியும்" என்பாள் சித்தி. அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சொம்போடு வாசலில் நின்ற வருஷங்கள் அந்தச் சிரிப்பில் இருக்கும்.

போன வருஷம் அவர் நெஞ்சு மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஏற்றி இறக்கிய தூசியெல்லாம் உள்ளேயே ஒரு லோடாகத் தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். வார்த்தை வேறு, அர்த்தம் அதுதான். ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில், நெஞ்சு நோய்க்காரர்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. மூக்கில் குழாய். அவர் இருமல் லாரி ஸ்டார்ட் ஆகிற மாதிரி இருக்கும். முதலில் உறுமும், அணையும், மறுபடி உறுமும், பிடிக்காமலே நின்றுவிடும். அந்த வார்டில் எல்லோரும்தான் இருமினார்கள், ஆனால் அவருடையதைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தி கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எவ்வளவோ தடவை உன்கிட்ட சொல்லாமலே கிளம்பியிருக்கேன்ல," என்றார். "இந்தத் தடவை சொல்லிட்டுத்தான் கிளம்புவேன். நீ வர்ற வரைக்கும் கிளம்ப மாட்டேன்."

"பேசாம படுங்க," என்றாள் சித்தி. "கண்டதையும் பேசிக்கிட்டு."

அந்த வார்த்தை அவளுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். அவர் பிழைப்பார் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவர் கிளம்பும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், அவர் சொல்லிக்கொண்டு போவதைக் காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு அவள் வேலை செய்யும் இடத்திலிருந்து கிளம்பியாக வேண்டுமே.

சித்தியின் வேலை, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற பெரிய லாண்டரியில். ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளின் விரிப்பும் போர்வையும் மூட்டை மூட்டையாக அங்கே வரும். ஒரு பக்கம் துவைக்கிற மெஷின்கள், அடுத்து காயவைக்கிற மெஷின்கள், அப்புறம் கொதிக்கிற ரோலர். ரோலரிலிருந்து சூடாக வழுக்கி வரும் விரிப்பை மடிப்பதுதான் சித்தியின் வேலை. ஒரு முனையில் சித்தி, மறுமுனையில் இன்னொரு பெண். ஆளுக்கு இரண்டு மூலை. உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, கை சேர்ந்ததும் மடிப்பு விழும். மறுபடி பின்னால் போய் மறுபடி முன்னால். ஒருத்தி விட்டுவிட்டால் விரிப்பு தரையில் விழும், தரையில் பட்டது திரும்பத் துவைக்கப் போக வேண்டும். சித்திக்கு எதிரே நின்றவள் நல்ல ஆகிருதியான பெண், வேறு பாஷைக்காரி. சித்தி அவளை "எதிர்முனை அக்கா" என்று வீட்டில் சொல்வாள். சூப்பர்வைசர் அம்மா மூன்றாவது பாஷை. நடுவில் கிடந்தது இங்கிலீஷ். அதுவும் எல்லோருக்கும் அரைகுறை.

போன மழைக்காலத்தில் வார்டிலிருந்து முதல் போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். சித்தி சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று, "மேடம்... ஹஸ்பெண்ட்... ஹாஸ்பிடல்... கோ" என்றாளாம். அந்த லாண்டரியில் ஹாஸ்பிடல் என்றால் ஒரு துணி மூட்டை. வாய்க்கு வாய் அந்த வார்த்தைதான், எந்த ஹாஸ்பிடல், எத்தனை ஹாஸ்பிடல் என்று. "ஹஸ்பெண்ட்" மெஷின் சத்தத்தில் போய்விட்டது. சூப்பர்வைசர் தலையாட்டி, ஒரு ஆஸ்பத்திரியின் விரிப்புகள் நிரம்பிய தள்ளுவண்டியைக் காட்டி, "யெஸ், கோ, கோ" என்றாள். சித்தி என்ன செய்தாள் தெரியுமா? அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஷிஃப்ட் முடியும்வரை அதை மடித்தாள். கண்ணீர் விழுந்தால் விரிப்பு திரும்பத் துவைக்கப் போகும் என்று அழவும் இல்லை.

அவள் வார்டுக்கு வந்தபோது சித்தப்பா எழுந்து உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். "இதோ வந்துட்டா பாரு," என்றார். சித்தி அவர் காலடியில் உட்கார்ந்து நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வாலு, எனக்கு இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் வேணும். ஒண்ணே ஒண்ணு போதும். கேட்டதும் கதவைத் திறந்து விடணும்."

யாரிடம் வந்து கேட்கிறாள் பாருங்கள். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் முழுசாகக் கற்றுக்கொண்டு வந்த ஒரே இங்கிலீஷ் வாக்கியம் கிளம்புவதைப் பற்றியதுதான். எங்கள் இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு வீட்டில் கைக்குழந்தை. கடைசி மணி அடிக்கும் முன்னாலேயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஸாரி, ஐ ஹேவ் டு ரஷ் ஆஃப்" என்று சொல்லிவிட்டு ஓடுவார். பாடம் எதுவும் மண்டையில் ஏறவில்லை, இது மட்டும் தினமும் ஏறியது.

சித்தி யோசித்தாள். "ரஷ்னா கூட்டம். ஆஃப்னா லைட்டை அணைக்கிறது. கூட்டத்தை அணைக்கச் சொல்றியா?"

நான் வாத்தியாராகிவிட்டேன். கரண்டியைப் பிரம்பாக வைத்துக்கொண்டு விளக்கினேன். கெட் அவுட் என்பது நம்மைப் பார்த்து அடுத்தவர் சொல்வது, அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ரன் அவே என்பது திருடன் செய்வது. கோ என்பது வெறும் போவது, அதை நம்பி யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள், வண்டியைத்தான் தள்ளச் சொல்வார்கள். ரஷ் ஆஃப் அப்படி இல்லை. இங்கே பிடிக்காமல் போவதில்லை, அங்கே ஒன்று காத்திருப்பதால் அவசரமாகப் போவது. மிஸ் ஓடியது எங்களைப் பிடிக்காமல் இல்லை, குழந்தைக்குப் பசிக்குமே என்று. எங்களைப் பிடிக்கவும் இல்லை, அது வேறு விஷயம்.

"காத்திருக்கறதால," என்று சித்தி அதை மட்டும் திருப்பிச் சொன்னாள். "நல்ல வார்த்தைதான்."

பிறகு கேட்டாள், "டக்குனு இப்படிச் சொல்லிட்டுக் கிளம்பினா மத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"அதுக்குத்தான் முன்னாடி ஸாரி போட்டிருக்கு."

அன்றிலிருந்து ஒத்திகை. வீட்டு விரிப்பை நானும் அவளும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிப்போம். நடுவில் நான் "டிரிங் டிரிங்" என்பேன். அவள் முனையை என் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலிமேல் மாட்டியிருக்கும் சித்தப்பாவின் சட்டையைப் பார்த்து, "ஸாரி, ஐ ஹேவ் டு ரஷ் ஆஃப்" என்று சொல்ல வேண்டும். சட்டைதான் சூப்பர்வைசர். வாக்கியம் சீக்கிரம் வந்துவிட்டது. மிஸ்ஸை விட அழகாகச் சொன்னாள். வராதது கால்தான். சொல்லி முடித்துக் கதவு வரை போவாள், அப்புறம் அடுப்படிப் பக்கம் திரும்புவாள்.

"ரஷ் ஆஃப் ஆனவங்க திரும்பி வரக் கூடாது சித்தி."

"கேஸ் திறந்திருந்தா?"

"வெடிக்கட்டும்."

"வாயைக் கழுவு."

அப்படியே போய்க்கொண்டிருந்தது. காலையில் நான் வீட்டு வேலை, மத்தியானம் வார்டு. அங்கே ஃபேன் நன்றாகச் சுற்றும், பக்கத்துக் கட்டில்காரருக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் ஆரஞ்சில் எனக்கும் இரண்டு சுளை வரும், அதனால்தான் போனேன். சித்தப்பாவின் உதட்டைப் பஞ்சால் நனைக்கச் சொல்லி நர்ஸ் என்னிடம் கொடுத்துவிடுவாள், அதனால்தான் நனைத்தேன். அவர் முழித்திருந்தால் அன்றைய வார்டுக் கதைகளைச் சொல்வேன். பாதி பொய். எது பொய் என்று சரியாகக் கண்டுபிடிப்பார். விரிப்பின் மூலையில் லாண்டரியின் முத்திரை இருக்கும். அதைத் தடவிப் பார்த்து, "இதை அவ மடிச்சிருப்பாளோ?" என்பார். ஆமாம் என்பேன். அது மட்டும் எனக்கே தெரியாத விஷயம், அதனால் பொய்யில் சேராது.

கடைசி நாள் மத்தியானம் அவர் மூச்சு வேறு மாதிரி ஆயிற்று. நர்ஸ் வந்து பார்த்தாள், குழாயைச் சரி செய்தாள், என் தோளைத் தொட்டு, வீட்டில் சொல்லிவிடு என்றாள். லாண்டரியில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. சித்தி மேலங்கிப் பையில் ஒளித்து வைத்திருப்பாள். எடுத்தாள். பின்னால் மெஷின் சத்தம்.

"சித்தி, கிளம்பி வா. நர்ஸ் வரச் சொல்றாங்க."

அந்த நேரம் என் பின்னால் சித்தப்பா இருமினார். உறுமி, அணைந்து, மறுபடி உறுமி.

"இதோ," என்றாள் சித்தி. வைத்துவிட்டாள்.

சித்தப்பா கண் திறந்து பார்த்தார். போனில் யார் என்று கண்ணாலேயே கேட்டார். சித்தி கிளம்பிவிட்டாள் என்றேன்.

"அவளா?" உதடு கொஞ்சம் கோணியது, சிரிப்புதான். "கேஸைப் பாத்துட்டு... பூட்டை இழுத்துப் பாத்துட்டு..."

"லாண்டரியில ஏது கேஸ் சித்தப்பா?"

"அங்கயும் ஏதாவது ஒண்ணு வச்சிருப்பா."

அப்புறம் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். யாராவது வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் கண் பெரிதாகும், அப்புறம் சிறிதாகும். நான் பஞ்சை நனைத்தேன். அது நர்ஸ் சொல்லாமலே. நெடுநேரம் கழித்து என்னைப் பார்த்தார்.

"வாலு. நான் சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்னு அவகிட்ட சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்க. வந்துக்கிட்டே இருக்காங்க."

வாழ்க்கை முழுக்க ஹாரன் சத்தத்துக்கு எழுந்து ஓடிய மனுஷன் அன்றைக்கு மெதுவாகத்தான் கிளம்பினார். மூச்சு வெளியே போகும், கொஞ்சம் நிற்கும், எதையோ மறந்து வைத்துவிட்ட மாதிரி திரும்பி வரும். மறுபடி போகும், மறுபடி வரும். பார்க்கச் சித்தி வீட்டைப் பூட்டுகிற மாதிரியே இருந்தது. ஒரு தடவை போனது திரும்பி வரவில்லை. நான் காத்திருந்தேன். "சித்தப்பா, கேஸ்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

சித்தி வந்தபோது ஜன்னல் வெளிச்சம் கட்டிலை விட்டுச் சுவருக்கு ஏறியிருந்தது. மேலங்கி, தலையில் வலைத்தொப்பி, அப்படியே வந்திருந்தாள். முகம் முழுக்க வியர்வை. வார்டு வாசலில் நான் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் வாயிலிருந்து ஒரு பொய் தானாகப் புறப்பட்டது.

"நான் போன் பண்றதுக்கு முன்னாடியே சித்தி. தூக்கத்துலயே. போன்ல சொல்ல முடியாமத்தான் கிளம்பி வான்னு மட்டும் சொன்னேன்."

"தூக்கத்துலயா?"

"தூக்கத்துல."

"அப்ப ஒண்ணும் சொல்லல."

"இல்ல."

தலையாட்டினாள். உள்ளே போய், அவர் மேல் போர்த்தியிருந்த விரிப்பின் சுருக்கத்தை இழுத்துச் சரிசெய்தாள். மூலையில் முத்திரையைப் பார்த்தாள். அந்த மூலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், எதிரே யாரோ மறுமுனையைப் பிடிக்க வருவார்கள் என்கிற மாதிரி.

அவள் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காரியங்கள் எல்லாம் முடிந்து ஒரு விடுமுறை நாளில் எதிர்முனை அக்கா வீட்டுக்கு வந்தாள். சித்தி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அரைகுறை இங்கிலீஷிலும் கைஜாடையிலும் எனக்கு நடித்தே காட்டினாள்.

போன் வந்தபோது சித்தி கையில் விரிப்பு. அதை முழுசாக மடித்து முடித்தாள். சூப்பர்வைசரிடம் போனாள். "ஸாரி, ஐ ஹேவ் டு ரஷ் ஆஃப்." தேன் மாதிரி வந்ததாம். சூப்பர்வைசர் கேள்வியே கேட்காமல் கதவைக் காட்டினாள். வாக்கியம் வேலை செய்துவிட்டது. அப்படியே போயிருக்க வேண்டும். சித்தி போகவில்லை. ரோலர் பக்கம் நின்ற ஆளிடம் போய், "ஸாரி, ஐ ஹேவ் டு ரஷ் ஆஃப்." காயவைக்கிற மெஷின் பெண்ணிடம் போய் அதையே. மூட்டை பிரிப்பவரிடம் அதையே. ஒவ்வொருவரும் என்ன ஆச்சு என்று கேட்க, நின்று, மறுபடி அதையே. கிழிசல் தைக்கிற அம்மா பாத்ரூமில் இருந்தாள், அவள் வெளியே வரும்வரை கதவுக்கு வெளியே காத்திருந்து அவளிடமும். அவசரமாகக் கிளம்புகிறேன் என்பதை இவ்வளவு நிதானமாக உலகத்தில் வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. கடைசியில் எதிர்முனை அக்காதான் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே விட்டாளாம். வாட்ச்மேனிடம் சித்தி மறுபடி ஆரம்பிப்பதற்குள் கேட்டைச் சாத்தினாளாம். பஸ் போயிருந்தது. அடுத்தது வர நேரமாயிற்று.

இதைச் சொல்லும்போது எதிர்முனை அக்கா முதலில் சிரித்தாள், பாதியில் அழுதாள். எனக்கு அப்போதுதான் என் பொய்மேல் ஒரு மரியாதையே வந்தது. நல்ல வேளை சொன்னேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், நீ தையல்காரம்மாவுக்காகக் காத்திருந்தாய் என்று யார் அவளிடம் சொல்வது? ஆனால் அந்தப் பொய்யில் ஒரு கோளாறு. தூக்கத்தில் போனவர் எப்படி "சொல்லிடு" என்று சொல்லியிருக்க முடியும்? பொய்யைக் காப்பாற்ற வேண்டுமானால் அவர் கொடுத்துவிட்டுப் போன வார்த்தையை நான் விழுங்க வேண்டும். விழுங்கினேன். அது இறங்கவில்லை.

சித்தி மாறிப்போனாள். இப்போதெல்லாம் சட்டென்று கிளம்பிவிடுகிறாள். செருப்பைப் போட்டால் போட்டதுதான். பூட்டை இழுப்பதில்லை. "உங்க சித்தி கோவமா இருக்காங்களா? சொல்லாமலே போறாங்க" என்று டெய்லர் என்னைக் கேட்டார். ஒருநாள் காலையில், சும்மா, பழைய ஞாபகத்தில், ஜன்னலிலிருந்து "சித்தி, கேஸ்" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். "இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள். அன்றைக்கு முழுக்க எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. தோற்பது அப்படித்தான் இருக்கும் போல.

நேற்று சாயங்காலம் மாடியிலிருந்து காய்ந்த துணிகளைக் கொண்டுவந்து போட்டாள். பெரிய விரிப்பை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். உதறினோம். இழுத்தோம். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம். கை சேர்ந்ததும் அவள் என் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முகம் ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

"அன்னைக்கு நீ போன் பண்ணப்ப பின்னாடி அவர் இருமினார்," என்றாள்.

அது பக்கத்துக் கட்டில்காரர் என்றேன்.

"அவர் இருமல் எனக்குத் தெரியாதாடி?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை, மடிப்பைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"உயிரோட இருக்கார்னு தெரிஞ்சுதான் ஒவ்வொருத்தர்கிட்டயா போய் நின்னேன். நான் வர்ற வரைக்கும் கிளம்ப மாட்டேன்னு சொன்னாரில்ல. அப்ப நான் போனாத்தானே கிளம்புவார்னு நெனச்சுட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு..."

நான் என் முனையை அவள் கையில் திணித்துவிட்டுச் செருப்பைத் தேடினேன். கடைக்குப் போய் ஏதோ வாங்க வேண்டும், என்ன என்று படியில் யோசித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு கால் செருப்புக்குள் போய்விட்டது. மறு செருப்பின்மேல் அவள் கால் வைத்திருந்தாள்.

"எங்க ரஷ் ஆஃப் ஆகுற? இந்தா, முனையைப் பிடி. அவர் என்ன சொன்னார், அதைச் சொல்லு."